ஒரே அடியில் கிளம்பியவன்

பனி கொட்டிக் கணவாய் அடைத்துக்கொண்ட மூன்றாம் இரவு.
என் உணவுக்கடைக்குள் பதினோரு லாரிக்காரர்கள்,
அடுப்பில் சாண வறட்டி, மேலே ஆட்டுக்கறிச் சாறு.
வெளியே டீசல் உறைந்த வண்டிகள்
முழங்கால் மடக்கிய ஒட்டகங்கள்போல் வரிசையாக.

"கதை சொல்லு, புருல்" என்றான் எஸென்குல்.
கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.
வாய் சும்மா இருந்தால் குளிர் அதன் வழியாகத்தான் நுழையும்.

கெரேபாய் என்றொரு வீரன்.
பாதாளத்துக் கான் களவாடிப்போன
தன் ஊரின் நெருப்பைத் தேடிப் புறப்பட்டவன்.
உப்பேரிக்கு அடியிலிருந்து பூதம் எழுந்தது.
ஒரு கண் நேற்றைப் பார்க்கும், மறு கண் நாளையை.
இன்றைப் பார்க்க அதற்குக் கண்ணில்லை.
அந்த இடுக்கில் செருகினான் ஈட்டியை.
மேசையைத் தட்டினார்கள். தேநீர் சிந்தியது.

அடுத்தது பொன்மலை.
"என் குதிரை இதைத் தின்னாது" என்று தாண்டிப் போனான்.
சிரித்தார்கள்.
அடுத்து, ஆற்றங்கரையில் கூந்தல் உலர்த்திய கானின் மகள்.
திரும்பியும் பார்க்கவில்லை என்றேன்.
"புளுகு" என்றான் மூலையிலிருந்து ஒருவன்.
அதற்கும் சிரித்தார்கள்.

அப்புறம் அந்த வீடு.
மலைச்சரிவில், சாதாரணமாக, புகைபோக்கியில் புகையோடு.
மந்திரம் இல்லை, மாயக் கண்ணாடி இல்லை.
கதவைத் திறந்தவள் அழகி என்றுகூடக் கதையில் இல்லை.
"காலணியைக் கழற்று, ஈரமாயிருக்கிறது" என்றாள்.
அவ்வளவுதான்.

குதிரைக்குத் தொப்பை விழுந்தது.
வாள் விறகு பிளந்தது, பிறகு
பட்டியின் கதவுக்குத் தாழ்ப்பாளாயிற்று.
இரண்டாம் வசந்தத்தில் கூரைக்குப் புதுத் தகடு போட்டான்.
ஐந்தாம் குளிர்காலத்தில் வழிப்போக்கன் ஒருவன்
உன் ஊர் ஆற்றின் பெயர் என்ன என்று கேட்டபோது
யோசிக்க வேண்டியிருந்தது.

நான் கேட்டு மனப்பாடமான கதையில்
பூதத்துக்கு முந்நூறு அடி,
பொன்மலைக்கு நூற்றிருபது,
கூந்தலுக்கு மட்டும் நாற்பது.
இந்த வீட்டை விட்டுப் போனதற்கு ஒரே அடி:
"மறுநாள் விடியலில் சேணம் பூட்டினான்."

சாற்றில் கிடக்கும் சில்லெலும்புபோல
ஒவ்வொரு முறையும் அங்கேதான் தொண்டையில் சிக்கும்.
அவள் விழித்திருந்தாளா?
கடிவாளத்தைப் பிடித்தாளா, ரொட்டி கட்டிக் கொடுத்தாளா,
ரொட்டி சூடாயிருந்ததா?
வாளை உருவியபின் பட்டிக் கதவு என்ன ஆயிற்று?
இதைக் கட்டியவன் அப்படிப் போன ஒருவனாய்த்தான் இருப்பான்.
பூதத்தைப் பற்றி விடியவிடியப் பேசத் தெரிந்தவன்.

அன்றிரவு அந்த அடியை நான் சொல்லவில்லை.
ஐந்தாம் குளிர்காலத்தோடு நிறுத்திவிட்டேன்.
"அப்புறம்?" என்று யாரும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஜூமாஷ் சொன்னான்:
"போய்த்தானே ஆகணும்? ஊர் இருட்டில் கிடக்குமே."
"போனா அந்த வீடும் இருட்டுத்தான்" என்றது ஒரு குரல்.
எஸென்குல் வாய் திறக்கவில்லை.
கணவாய்க்கு அப்பால் தலாஸில் அவனுக்கு மனைவி.
இப்பக்கம், நீலக் கதவு போட்ட ஒரு வீடு.
எல்லாருக்கும் தெரியும். அதனால்
எல்லாரும் அடுப்பையே பார்த்தோம்.

விடியலில் பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு.
டாங்கியின் அடியில் தீ காட்டி, கெட்ட வார்த்தை சொல்லி,
ஒவ்வொன்றாய் இருமி எழுந்தன இன்ஜின்கள்.
கடைசியாக எஸென்குல், காலுறையோடு நின்று,
"என் காலணி காய்ந்துடுச்சா?" என்றான்.

அடுப்போரத்திலிருந்து எடுத்தேன்.
உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன், இன்னும் ஈரம்.
இரு, குடித்துவிட்டுப் போ,
இந்தப் பாதையில் எவரும் செத்ததில்லையா என்ன,
எந்தக் கதவுக்குப் போகிறாய் என்று முதலில் சொல்லு...
முந்நூறு அடிக்கு வாயில் சரக்கு இருந்தது.

"காய்ந்துடுச்சு" என்றேன்.