மின்தூக்கி நிற்காத மாடிகள்

கதைக்குத் திட்டம் போட
எனக்குக் கிடைத்தது இந்த ஒரு தாள்தான்.
மின்தூக்கிப் பராமரிப்புப் படிவத்தின் பின்பக்கம்.
முன்பக்கத்தில் கதவு சரி, கம்பிவடம் சரி,
கையெழுத்து: செ. இளவழகன்.

அங் மோ கியோ கோப்பிக் கடை, விடிகாலை ஐந்தரை.
பன்னிரண்டு அத்தியாயத்துக்குப் பன்னிரண்டு கோடு இழுத்தேன்.
ஒன்றில் கோமளவல்லி புதுவீட்டுச் சாவி வாங்குகிறாள்.
ஐந்தில் தம்பி கடன் கேட்டு வருகிறான்.
ஒன்பதில் அவன் சாக வேண்டும்.
பன்னிரண்டில் மழை.
(முடிவில் மழை எனக்கே பிடிக்கவில்லை, இருக்கட்டும்.)

பழைய புளோக்குகளில் மின்தூக்கி இப்படித்தான்
சில மாடிகளில் மட்டும் நிற்கும்.
மூன்றாம் மாடிக்காரர் ஐந்தில் இறங்கி
அரிசி மூட்டையோடு கீழே நடப்பார்.
நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
மாடிக்கு மாடி சுவரை உடைத்துக் கதவு வைத்தோம்.

ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே
மூன்று வெற்றுக் கோடுகள்.
கடன் கேட்டவன் செத்தவனாக
எந்த வழியாகப் போவான்?
ஆறில் 'சண்டை' என்று எழுதி அடித்தேன்.
ஏழில் 'கடிதம்'. இன்று யார் கடிதம் எழுதுகிறார்கள்?
எட்டில் ஒரு கேள்விக்குறி.
அதன் வாலை மட்டும்
வெகுநேரம் அழகுபடுத்திக்கொண்டிருந்தேன்.
கோப்பி ஆறி ஆடை படிந்தது.

கைப்பேசி அடித்தது: பக்கத்து புளோக்கில் பழுது.
கருவிப் பையோடு படியேறினேன், வேறு வழி?
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
ஒருவன் உட்கார்ந்திருந்தான்.
காலடியில் ஆரஞ்சுப் பை.
எனக்குப் புரியாத ஹொக்கியனில்
ஒரே வாக்கியத்தைச் சுவரிடம்
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான்.
மூன்றாவதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டான்.
அது எனக்கே நன்றாக இருந்தது.

என்னைக் கண்டதும் எழுந்தான்.
"லிஃப்ட் எப்ப வரும்?"
அரை மணி ஆகும் என்றேன்.
அப்பாடா என்று மறுபடி உட்கார்ந்தான்.

மோட்டார் அறையில், கிரீஸ் கையோடு,
ஏழாவது கோட்டில் எழுதினேன்:
படிக்கட்டு. தம்பி. மணியை அடிக்கவில்லை.
எட்டில் எழுதினேன்: இன்னும் அடிக்கவில்லை.
ஒன்பதுக்குப் பேனா வந்தபோது
'சாவு' என்ற சொல் அங்கே முன்பே உட்கார்ந்திருந்தது.
அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்,
பிறகு குறுக்கே ஒரு கோடு,
பிறகு வட்டத்துக்கு மேல் இன்னொரு வட்டம்.

மாலை படிவத்தை ஒப்படைத்தேன்.
மேற்பார்வையாளர் கோ எதையும் திருப்பிப் பார்ப்பவர்.
தமிழ் தெரியாது, எண்கள் தெரியும்.
கிறுக்கல்மேல் விரலை வைத்துக் கேட்டார்:
ஒன்பதில் என்ன பிரச்சினை?

இன்னும் கண்டுபிடிக்கவில்லை, என்றேன்.
நாளை மறுபடி ஏறிப் பார்க்கணும்.