பேந்து

"கெதியா வெளிக்கிடு" என்று
இந்த வீட்டில் இப்போது ஒருவரும் சொல்வதில்லை.
"பேந்து" என்றும்.
பேந்துக்குப் படம் கீற முடியவில்லை.

பைப்படியில் வேணுஜன்.
சுவரில் மூன்று மட்டை: வாளி, சப்பாத்து, வான்.
பத்திலிருந்து எண்ணி இறங்குகிறேன்.
மூன்றில் அவன் நிற்கிறான், நானும் நிற்கிறேன்.

நேற்று நீல வான் பழுது.
கோண்டாவில் ஒழுங்கைக்குள் வெள்ளை வந்தது.
முற்றத்து மண்ணில் விழுந்து கிடந்தான்;
பக்கத்தில் நானும், பள்ளிக்கூடம் முடியும்வரை.

இரவு புது மட்டை வெட்டினேன்.
வெள்ளை வான்.
நிறம் தீட்டத் தேவையில்லை, கோடு போதும்.
என் அண்ணனை ஏற்றிப் போன கதவில்
கை நின்றது.
பத்து, ஒன்பது, எட்டு...

காலை.
வாளி மட்டையை அவனே கழற்றுகிறான்.
பைப்பை மூடவில்லை.
மூடுவான். இரண்டு.