உறைபெட்டி பழுது பார்க்க வந்தவன்

பனிநாட்டில் ஐஸ்பெட்டி ரிப்பேரா என்று
வின்னிபெக்கில் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவிட்டுத்தான்
மூன்று விமானம் மாறி வந்தேன்.

இங்கே ஜூலை.
பனி இல்லை, புழுதி.
தெருவில் ஒரு நாய், ஒரு சோபா,
சட்டத்தில் இழுத்துக் கட்டிய கரடித்தோல்.
இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள்.
விருந்துக்கு வந்து கிளம்ப மறந்த மாமாபோல்
சூரியன் உட்கார்ந்திருக்கிறது.

ஊர்ப் பொது உறையறையின் சாவி உலாயுக்கிடம்.
கம்ப்ரசர் நின்றது திங்கட்கிழமையா என்றேன்.
பதில் இல்லை.
திங்களா?
பதில் இல்லை.
காது கேளாதவரிடம் போலக் கத்தினேன்.
அவள் மகள், நாலு வயது, என் சட்டையை இழுத்து
இரண்டு புருவத்தையும் நெற்றிக்கு ஏற்றிக் காட்டினாள்:
இது ஆமாம்.
மூக்கைச் சுருக்கினாள்:
இது இல்லை.
மூன்று முறை ஆமாம் சொல்லியிருக்கிறாள் தாய்.
நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டாட்டா, வழி விடு, என்றாள் மகளிடம்.
அட்டாட்டா, மூக்கைத் துடை.
எங்கள் வீட்டில் அது
பாயசம் நாக்கில் பட்டதும் வருகிற சொல்.
இங்கே அப்பா என்று அர்த்தமாம்.

உலாயுக்கின் அப்பா ஓர் ஏப்ரலில்
இளகிய கடற்பனிக்குள் வண்டியோடு இறங்கிப்போனார்.
ஜூனில் இவள் பிறந்தாள். பெயர் காத்திருந்தது.
ஆகவே இவள் கில்லாக்.
ஆகவே கடைக்காரர் இவளை மச்சான் என்கிறார்,
ஒரு மீசைக்காரர் பழைய பெட்ரோல் கடனைக் கேட்கிறார்,
பாதி விளையாட்டாக.

உள்ளே டார்ச் அடித்தேன்.
கரிபூ தொடைகள், விறகுபோல் அடுக்கிய மீன்கள்,
தரையில் சொட்டத் தொடங்கிய நீர்.
மூலையில் ஓர் அட்டைப்பெட்டி.
அதன்மேல் முக்கோணமும் கொக்கியுமான எழுத்தில் ஒரு பெயர்.
அதை நகர்த்தாமல் சுற்றிலும் பெருக்கியிருந்தார்கள்.

நான் பிடித்தது, என்றாள் குழந்தை.

சிரிக்க வாயெடுத்தேன்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.
எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.
கேட்டது ஆங்கிலத்தில்தான்,
அதில் அந்த 'ஈர்கள்' இல்லை.
எனக்குள் இருந்தது.
அவள் சுவரைக் காட்டினாள்.
சுவருக்கு அப்பால் கடல்.

உதிரிபாகம் வரவேண்டிய விமானத்தை
மூடுபனி திருப்பி அனுப்பிவிட்டது.
நாளை வருமா?
இம்மாகா, என்றார் டிக்கெட் எழுதுகிறவர். ஒருவேளை.
அந்தச் சொல்லை அவர் இறக்கிவைத்த விதத்தில்
கோபப்பட எனக்கு இடமே இல்லை.

மாலையில் வானொலி கூப்பிட்டது: எல்லோரும் வாருங்கள்.
பள்ளிக்கூட ஜிம் தரையில் அட்டை விரித்து
பிறைக் கத்திகளோடு ஊர் உட்கார்ந்தது.
உலாயுக் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து
மகள் முன்னால் வைத்து ஏதோ கேட்டாள்.

குழந்தை பெட்டியைப் பார்த்தது.
வெகுநேரம் பார்த்தது.
ஜிம்மில் யாரோ இருமினார்கள்.

பிறகு புருவம் ஏறியது.

திமிங்கலத் தோல், ஐந்து வருடத்து உறைவாடை.
ரப்பரும் கொட்டைப்பருப்பும் கலந்த மாதிரி ஏதோ.
மென்றேன்.
சுருங்கிவிடாதபடி
மூக்கைக் கவனமாக வைத்துக்கொண்டு.

வியாழனன்று பாகம் வந்தது.
ஒரு மணிநேர வேலை.
காலி அறை நன்றாகக் குளிர்ந்தது.

வாடிக்கையாளருக்குத் திருப்தியா,
கேட்டது படிவம்.
உலாயுக்கை நிமிர்ந்து பார்த்தேன்,
டிக் போட்டேன்.