காரணம் என்ற கட்டம்

படிவத்தில் 'விபத்துக்கான காரணம்' என்ற இடத்தில்
இரண்டு விரல் அகலத்துக்குக் கட்டம் போட்டிருக்கிறார்கள்.
மேஸ்திரி எஸ்றா பேனாவை நீட்டுகிறார்:
"காத்துன்னு எழுது.
காத்துக்கு எவனும் சம்மன் அனுப்ப மாட்டான்."

அன்றைக்குக் காற்றே இல்லை.
காலடிப்பேட்டை முழுக்க வேர்த்துக்கொண்டிருந்தது.
மொட்டை மாடிக் கொடியில் யாருடைய கைலியோ
இஸ்திரி போட்டதுபோல் தொங்கியது.
எண்ணூர்ப் பக்கத்துப் புகை நேரே மேலே போனது.
கயிறு பிடிப்பவன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தூங்குமூஞ்சி மரம். பள்ளிக்கூடச் சுவரை
இடுப்பால் தள்ளிக்கொண்டு நின்றது.
மேலே தேசிங்கு. கீழே நான்.
நடுவில் காசிமேட்டில் வாங்கிய கயிறு,
ஏதோ விசைப்படகில் உழைத்து ஓய்ந்தது.
வெயில் ஏறினால் இன்னும் மீன் நாறும்.

கிளையை இறக்க அடிமரத்தில் மூன்று சுற்று.
எடையை மரமே வாங்கிக்கொள்ளும்,
நாம் விட்டுவிட்டுக் கொடுத்தால் போதும்.
ஆறு கிளைகள் அப்படித்தான் இறங்கின,
குறுகலான படியில் பீரோ இறங்குவதுபோல்,
முனகிக்கொண்டு, ஆனால் பத்திரமாக.

ஏழாவதற்கு ஒரே ஒரு சுற்று போட்டேன்.

ஏன் என்று கேட்டால்,
பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளி விடும்.
கேட்டுக்கு வெளியே ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன.
சின்னக் கிளை என்று கண் சொன்னது.
ஆறு தடவை சரியாக வந்ததே என்று கை சொன்னது.
பன்னிரண்டு வருட சர்வீஸ் என்று வாய் சொல்லும்,
யாராவது கேட்டால்.
இவ்வளவும் இந்தக் கட்டத்தில் கொள்ளாது.

"போடவா?" என்றான் மேலிருந்து.
"போடு" என்றேன்.
அந்த ஒரு சொல்லைப்
பதினோரு ராத்திரியாகத் திரும்ப வாங்கப் பார்க்கிறேன்.

முந்தின இரவு மழை குடித்திருந்த மரம்.
அது சின்னக் கிளை இல்லை.
கயிறு உள்ளங்கை வழியே ஓடியது.
கையுறை கருகும் வாசனை முதலில், வலி பிறகு.
பயத்தில் இறுக்கிப் பிடித்தேன். அது இரண்டாவது தப்பு.
ஓடுகிற எடை சட்டென்று நின்றதும்
மரம் தன் உச்சியை ஓர் உதறு உதறியது,
துவைத்த போர்வையை உதறுவார்களே, அப்படி.
போர்வை நுனியில் தேசிங்கு.

வெட்டிய மொட்டையில் தோள் மோதியது.
காறை எலும்பு உடைந்தபோது
சாக்பீஸ் உடைகிற சத்தம்தான் கேட்டது.
பெல்ட் பிடித்தது.
காலையில் கொக்கி கொக்கியாக அவனே சோதித்த பெல்ட்.
"மாப்பிள்ளை நகை சரிபாக்குறாரு" என்று
டீ குடித்தபடி நான் கிண்டல் செய்த பெல்ட்.

ஸ்டான்லியில் கட்டுப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள்.
"எத்தனை சுத்து?" என்றான்.
"ஒண்ணு."
மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நல்ல வசவுக்கு உடம்பைத் தயார்செய்துகொண்டேன்.
"குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.
நான் பாக்கல" என்றான்.
திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

இப்போது மேலே சகாயம் ஏறுகிறான்.
மெஷினை இழுப்பதற்கு முன்னால்
"எத்தனை?" என்று கத்த வேண்டும்,
"மூணு" என்று நான் கத்த வேண்டும்.
பதில் வராமல் வெட்டு இல்லை.
தெருப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது:
எத்தனை? மூணு! எத்தனை? முப்பது!
சகாயம் சிரிக்காமல் காத்திருக்கிறான்,
என் குரல் வரும்வரை.

பேனாவை வாங்கிக்கொள்கிறேன்.
காற்று இல்லை என்று தொடங்குகிறேன்.
எழுத்து கட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி
அலுவலர் கையொப்பம் வரை இறங்கிவிட்டது.
"டேய், ஐயா எங்கடா கையெழுத்துப் போடுவாரு?"

கொஞ்சம் தள்ளிப் போடட்டும்.