அரைக் கிலோ துண்டுத்தோல்

ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்கு நூறு.
மாத்திரை எழுதிய டாக்டர்
"கைக்கும் ஏதாவது வேலை கொடுங்கள்" என்றார்.
பதினெட்டு வருடமாய்
அடுத்தவர் கணக்கில் பிழை தேடுகிற கை.
வேலை இல்லாமலா இருந்தது?

சயானில் இறங்கித் தாராவிக்கு நடந்தேன்.
செய்யது புகாரி கடையில்
துண்டுத்தோல் கிலோக் கணக்கு.
பெரிய பைகளுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய
ஓரம், மூலை, வால்.
ஏர்வாடிக்காரர். என் தமிழைக் கேட்டதும்
தராசை என் பக்கம் கொஞ்சம் சாயவிட்டார்.
"என்ன செய்யப் போறீங்க?"
"சும்மாதான்."
உள்ளே தைத்துக்கொண்டிருந்த பையன் தலை நிமிர்ந்தான்.
அன்றைக்கு அவனுக்கு இன்னும் நாற்பது பெல்ட் பாக்கி.
அந்தச் சொல்லை
அவன் எதிரில் சொல்லியிருக்க வேண்டாம்.

ஒரு நூல், இரண்டு ஊசி.
ஒரே துளைக்குள் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று
எதிரெதிரே வந்து
இடித்துக்கொள்ளாமல் கடக்க வேண்டும்.
தாதர் படிக்கட்டில் தினமும் செய்வதுதான்.
ஆனாலும் முதல் வாரம் முழுக்க
ஊசி நூலையே குத்திக்கொண்டு நின்றது.

துளை போட முள்கரண்டி மாதிரி ஓர் உளி.
இரவு பத்துக்கு மேல் சுத்தியல் எடுத்தால்
கீழ்வீட்டு தேஷ்பாண்டே வந்து கதவைத் தட்டுகிறார்.
போர்வையை நான்காய் மடித்து
அதன்மேல் வைத்து அடிக்கிறேன்.
தோலில் போட்ட துளை போட்டதுதான்.
எக்செல்லா இது, ஓரடி பின்னால் போக?

தம்பி வீடியோவில் பார்த்தான்.
"தோல் வேலையா? நம்ம வீட்டுலயா?"
அடுக்களைப் பக்கம் கொண்டுபோகாதே என்றான்.
இடுப்பில் பெல்ட்டோடுதான் சொன்னான்.
பக்கிள் பளபளவென்று இருந்தது.
நான் ஓரத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டே
ம், ம் என்றேன்.
தேய்க்கத் தேய்க்க ஓரம் கண்ணாடியாகிறது.
தம்பியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு துண்டில் மட்டும் நீளமாய்க் கீறல்.
தேய்த்தேன், போகவில்லை.
முள்வேலியாக இருக்கலாம்.
பக்கத்தில் உண்ணி கடித்த புள்ளி இரண்டு.
எங்கேயோ மேய்ந்திருக்கிறது.
அந்த இடத்தை வெட்டி எறிவது முறையாம்.
நான் வெளிப்பக்கம் வைத்தேன்.

மாலை பத்லாபூர் வண்டி, பெண்கள் பெட்டி.
எதிர் சீட்டில் மந்தா தாயி
மடியில் பீர்க்கங்காயைப் போட்டுச் சீவுகிறாள்.
என் கையைப் பார்த்து "காய்?" என்றாள்.
மராத்தியில் அதற்கு 'என்ன' என்று பொருள்.
"காய் உன் மடியில். என் மடியில் தோல்"
என்று தமிழில் சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.
அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.
பீர்க்கந்தோலை எறியாதே, துவையல் அரைக்கலாம் என்பதை
என்னுடைய மராத்தியில் சொல்ல முடியவில்லை.

கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் செருகுவாள்.
ஒருநாள் அது தாளைக் கிழித்துக்கொண்டு வந்து
கட்டைவிரலைப் பார்த்துவிட்டது.

கீறல் விழுந்த துண்டில் அவளுக்கு ஓர் உறை.
குர்லாவில் ஆரம்பித்தால்
மும்ப்ரா மலை மழையில் மறைகிறவரை
நாளுக்கு ஒன்பது தையல், பத்துத் தையல்.
யாரோ முழங்கையில் இடித்த இடத்தில் கோணல்.
எண்ணிப் பார்த்தேன், எண்பத்தொன்று.
கணக்கு சரி.
மூடிதான் தவறு.
அவள் இடதுகைக்காரி.
ஆறு மாதமாய் எதிரே உட்கார்ந்து
பிழை தேடும் கண்ணால் பார்த்தும் தெரியவில்லை.
"சாலேல்" என்றாள். பரவாயில்லை என்பதுதான்.
உள்ளே போகும்போது கத்தி கொஞ்சம் முக்கியது.

நான் டோம்பிவிலியில் இறங்கிவிடுவேன்.
உறை இன்னும் பத்லாபூர் போக வேண்டும்.

போன வாரம் நூற்று நாற்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றாறு.
"பெரிதாய் ஒன்றும் குறையவில்லையே" என்றார் டாக்டர்.
அவர் கைப்பையின் காது
தையல் விட்டுத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏழு துளை.
முக்கால் முழம் நூல் போதும்.