சரக்கு: ஓணம்

கஞ்சிக்கோட்டுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே
ஒரு கணவாய், ஒரு செக்போஸ்ட்,
பாசஞ்சர் ரயிலில் ஒரு மணி நேரம்.
அயலூர் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாய் இருக்கும்.
ஆனாலும் இங்கே அரிசி வேறு.
பஸ் போர்டு படிக்க
முதல் ஆறு மாதம் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டேன்.

திருவோணத்தன்று மலையாளிகள் எல்லாரும்
வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
உலைக்கு லீவு கிடையாது.
அணைத்தால் மறுபடி சூடேற மூன்று நாளாகுமாம்.
உலையோடு மிஞ்சியவர்கள்
ஒடிசா திபாகர் நாயக், அவன் மைத்துனன் பிரபுல்லா,
ஜார்க்கண்டிலிருந்து சாம்ரு முண்டாவும் அவன் ஆட்களும்,
எடைமேடையில் நான்.
தராசு அக்கா என்றால்தான் தெரியும் இவர்களுக்கு.

பன்னிரண்டரைக்கு, கம்பெனி சொல்லியிருந்த சத்யா வந்தது
ஒரு குட்டி டெம்போவில்.
டிரைவர் நேரே மேடைமேல் ஏற்றிவிட்டான்.
கை பழக்கம், பட்டனை அமுக்கிவிட்டேன்.
'சரக்கு' என்ற கட்டத்தை நிரப்பாமல் சீட்டு வராது.
ஓணம் என்று அடித்தேன்.

பதினாறு டப்பா. ஒன்றிலும் பேர் இல்லை.
வெள்ளையாய் ஒன்று, மஞ்சளாய் நாலு,
கறுப்பாய், இஞ்சி மணத்தோடு ஒன்று.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
பக்கத்து மாநிலத்துக்காரி என்பதைத் தவிர
எனக்கு வேறு தகுதி இல்லை.
சுகுணேட்டனுக்கு வீடியோவில் போட்டேன்.

ஒவ்வொரு டப்பாவுக்கு மேலும் போனைப் பிடித்தேன்,
ஸ்கேன் எடுக்கிற டாக்டர் மாதிரி.
"ஓலன்."
"காளன்."
"அது எரிசேரி... நில்லு, கிளறிக் காட்டு...
அல்ல, கூட்டுக்கறி."
திபாகர் இலையை நெடுக்குவாட்டில் போட்டிருந்தான்.
"நுனி இடப்பக்கம், தராசே, இடப்பக்கம்!"
மெனக்கெட்டுத் தமிழில் கத்தினார்.

மாவேலி கதையை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.
ராஜாவுக்கு வருஷத்தில் ஒரே நாள் லீவு.
"சம்பளம் பிடிப்பார்களா?" என்றான் சாம்ரு முண்டா.

பருப்பில் நெய் விடும்போதுதான் கவனித்தேன்,
சுகுணேட்டன் முதுகுக்குப் பின்னால் மேசை.
மூன்று இலை.
மூன்றாவது இலைக்கு எதிரே ஆள் இல்லை,
டம்ளரில் சாய்த்து வைத்த இன்னொரு போன்.
அதற்குள் அவர் மகள் ரெஞ்சினி,
ராசல்கைமாவில் நர்ஸ், யூனிபார்மோடு,
கையில் சுருட்டிய ரொட்டி ஏதோ.
அந்த இலையிலும் சோறு. அந்தச் சோற்றிலும் நெய்.

இரண்டு போனையும் முகத்துக்கு முகம் பிடித்தார்.
"அச்சா, இவங்க யாரு?"
"கம்பெனி" என்றார் அவர், வேறொன்றும் சொல்லாமல்.
அவள் கையசைத்தாள்.
திபாகர் பருப்புக் கையோடு திருப்பி அசைத்தான்.
கொஞ்சம் போனில் தெறித்தது.

ரசத்துக்கென்று ஒளித்து வைத்த அப்பளத்தை
பாயசத்தில் நொறுக்கச் சொன்னார்.
பாயசம் வந்தால் சாப்பாடு முடிகிற நேரம் என்று
எழுந்திருக்கப் பார்த்தவள் நான்.
அதற்குப் பிறகுதான் ரசம் வந்தது, மோர் வந்தது.
வயிறு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.
அப்பளம் நன்றாகத்தான் இருந்தது.

"இதை எப்படி மூடுவது?" என்றான் திபாகர்.
அவன் ஊரில் சால இலையை ஈர்க்கால் தைத்திருப்பார்கள்,
தின்று முடித்தால் வீசிவிடலாம்.
இவர்கள் வழக்கத்தைக் கேட்பதற்குள் நெட் போய்விட்டது.
எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் வெளியே மடிப்போம்.
அதைச் சொல்லவில்லை.
"உன் பக்கமாக" என்றேன்.
பதினோரு இலையும் அப்படியே மடிந்தன.

சாயங்காலம் டெம்போ மறுபடி வந்தது, பாத்திரத்துக்கு.
பதினைந்து டப்பா என்று எழுதிக் கொடுத்தேன்.
டிரைவர் எண்ணவில்லை.
பத்து கிலோவுக்குக் கீழே எடைமேடைக்குக் கண் தெரியாது.
இஞ்சி மணத்த அந்தக் கறுப்பு
என் மேஜைக்கடியில் இருக்கிறது,
ராத்திரி ஷிப்டுக்கு.