குடும்பம் என்ற கட்டம்

"அப்பா அம்மா இல்லை என்று எழுதிவிடு,
திருடர்களுக்கு அதுதான் வழக்கம்"
என்றான் ஒஸ்மோ, ஆட்டத்தை நடத்துபவன்.
தண்டர் பேயில் ஜனவரி.
நிலவறை ஜன்னலில் பாதிக்கு மேல் பனி.
மேசையில் சிப்ஸ், இருபது முகப் பகடை,
போன வாரம் ரத்தம் என்று நாங்கள் ஒப்புக்கொண்ட
தக்காளிச் சாஸ் கறை.

எழுதினேன்.
பெயர்: வின்னா பர்டாக்.
இனம்: அரையாள். மூன்றடி சொச்சம்,
எந்தப் படகிலும் அரை டிக்கெட்.
தொழில்: பூட்டு திறப்பது, பிறருடையதை.
குடும்பம்:

அங்கே நாலு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.
தாளைத் திருப்பிப் போட்டேன்.

அம்மா ஹெஸ்ப்பர், உயிரோடுதான் இருக்கிறாள்,
ஊருக்கே கேட்கிற மாதிரி.
கொண்டுவந்த கரண்டி யார் வீட்டுடையது என்று கேட்கமாட்டாள்,
கையில் தூக்கிப் பார்த்து வெள்ளியா ஈயமா என்பாள்.
அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு முறை திருடினார், ஒரு கழுதையை.
மனசு கேட்காமல் திருப்பிக் கட்டப் போன இடத்தில்
மாட்டிக்கொண்டார்.
எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில்
இந்தக் கதை இல்லாமல் பந்தி எழுந்ததில்லை.
இரட்டைத் தம்பிகளுக்கு ஒரே மேலங்கி.
ஒருவன் வெளியே போனால்
மற்றவன் காய்ச்சலில் கிடக்கிறான் என்று பேர்.
அக்கா காவல் மாளிகையில் எழுத்தர்.
அவளிடம் தொழில் பேசுவதில்லை, வானிலை மட்டும்.
"இன்றிரவு மூடுபனி" என்பாள்.
ரோந்து வராது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

"இத்தனை பேரா!" ஒஸ்மோ தலையைச் சொறிந்தான்.
"யாராவது ஒருவரை நான் கொல்ல வேண்டாமா?
பிறகு எதற்காக இவள் வீட்டை விட்டுக் கிளம்புவாள்?"

பகலில் நான் பூட்டுக்காரி.
உரிமம் இருக்கிறது, வேனில் என் பெயர் இருக்கிறது.
இன்று மத்தியானம்
நீதிமன்ற ஆள் பக்கத்தில் நின்று கைக்கடிகாரம் பார்க்க
மூன்று மாத வாடகை பாக்கி வைத்த ஒரு வீட்டைத் திறந்தேன்.
நாற்பது விநாடி.
உள்ளே அடுப்பில் சூப், தட்டுமூடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
கதவோரம் நாலு ஜோடி பூட்ஸ்,
கடைசி ஜோடி என் உள்ளங்கை அளவு.
பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினேன்.
ரசீதில் கையெழுத்து வாங்கினேன்.

"கிளம்பவில்லை" என்றேன் ஒஸ்மோவிடம்,
"வேலைக்குப் போகிறாள்.
ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவாள்."
ஷெல்பி சிரித்தாள். அவளுடைய மாவீரனுக்கு
வம்சமே தீயில் போயிருந்தது, கௌரவமாக.

அப்புறம் ஆட்டம்.
சுரங்கத்தின் முதல் கதவு, துருப்பிடித்த சின்னப் பூட்டு,
குழந்தைகூடத் திறக்கும் என்றான்.
உருட்டினேன்.
பகடை சிப்ஸ் பையில் மோதி நின்றது: ஒன்று.

எல்லோரும் ஐயோ என்றார்கள்.
வின்னாவின் ஊசி உள்ளேயே முறிந்துவிட்டதாம்,
கதவு இனி யாருக்கும் திறக்காதாம்.
நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்,
சிரிப்பு வெளியே தெரிந்துவிடாமல்.